மகாராணி கடந்து போகும் நேரம்

தேநீரை வடிகட்டிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள். வாய் தானாக நின்றது. தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம். மகாராணி கூரைக்கு மேலே வர வேண்டிய நேரம். ஆனால் அதுதான் முந்தாநாளே ஓய்வு பெற்றுப் போய்விட்டதே! பழக்கதோஷம் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்த்தாள். அப்போதுதான் வீட்டுக்குள் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

மகாராணி ஒரு பழைய பயணிகள் விமானம். பெயர் வைத்தவர் அவள் கணவர். விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து, அதன் என்ஜினுக்குள் தலையை விட்டே காதைத் தொலைத்தவர். கட்டின மனைவிக்கு ஒரு செல்லப்பெயர் வைக்கத் தோன்றாத மனிதருக்கு, அந்த இரும்புக்கு மட்டும் மகாராணி என்று வைக்கத் தோன்றியது. அவள் அதைச் சனியன் என்றுதான் சொல்லுவாள்.

முதலில் அலமாரியில் டம்ளர்கள் சிணுங்கும். பிறகு ஜன்னல் கண்ணாடி. பிறகு வாயிலுள்ள பற்கள். அப்புறம் வானத்தையே புதுத்துணி கிழிப்பதுபோல் கிழித்துக்கொண்டு அது தெருவின் மேல் போகும். பின்னாலேயே கரும்புகை, கொடியில் காயும் துணியிலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. அது கடக்கும் வரை தெருவில் யாரும் பேச முடியாது. சண்டை போடுகிறவர்கள்கூட நீட்டிய விரலை மடக்காமல் காத்திருந்து, சத்தம் தேய்ந்ததும் விட்ட வசவிலிருந்து தொடர்வார்கள்.

கடைசி நாளில் தெருவே மொட்டைமாடியில் ஏறி நின்று கையசைத்தது. மெக்கானிக் குழந்தைபோல் அழுதார். "விட்டதுடா சனி," என்றாள் அவள். "இனிமே டிவில என்ன பேசுறாங்கன்னு முழுசா கேக்கலாம்க்கா," என்று சிரித்தாள் எதிர்வீட்டுத் தையல்காரி. மறுநாள் அதே நேரத்துக்குப் புது விமானம் ஒன்று போனது. பால் திருட வந்த பூனைபோல் போனது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இத்தனை வருஷம் வைது தீர்த்த அந்தச் சத்தத்தை அவள் மனம் தேடியது. சொன்னால் வெட்கக்கேடு.

முணுமுணுப்பு மெதுவாக, இதமாக, நிறுத்தாமல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. டிவி அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஆளில்லை. 'யாரது?' என்று கேட்க நினைத்தாள், குரல் வரவில்லை. பயத்தில் யாருக்குத்தான் வரும்? சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போனாள், படுக்கையறைக்குப் போனாள், மாடிப்படியில் ஏறிப் பார்த்தாள். எங்கே போனாலும் ஒரே அளவில், காதோரத்திலேயே கேட்டது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். குடிக்கும்போது நின்றது. டம்ளரைக் கீழே வைத்ததும் மறுபடி தொடங்கியது. மகாராணி கடந்துபோக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, ஓய்ந்தது.

தொண்டை வறண்டு எரிந்தது. அது ஒன்றும் புதிதில்லை. செவிடன் காதில் சங்கு ஊதிக் குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சாயங்காலமானால் தொண்டை எரியத்தான் செய்யும்.

அடுத்த நாள் அது தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டது. அதற்கடுத்த நாள் நன்றாக இருட்டும் வரை. முடித்து வைக்க மேலே எந்தச் சத்தமும் கடந்து போகவில்லையே, அதுதான் அதன் இஷ்டத்துக்கு நீள்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மெக்கானிக் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம இளிக்கிறாரே மனுஷன்' என்று அவளுக்கு அழுகை வந்தது. அலுத்துவிட்டது. பயப்படக்கூடத் தெம்பில்லை.

மகளுக்குப் போன் செய்தாள்.

"வீட்டுல யாரோ பேசுற மாதிரி இருக்குடி."

 "சாயங்காலமா?" என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல பிளேன் வந்தா காதைப் பொத்திக்கோன்னு சொல்லுவியே. பொத்தினா பிளேன் சத்தம் குறைஞ்சு, அது கேக்கும். அதான் உடனே கையை எடுத்துடுவேன்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டப் போய் எப்படிம்மா சொல்றது?" என்றாள் மகள். "அப்பாவைக் கூட்டிட்டு நாளைக்கே இங்க வந்துடு. விளக்குப் போடற நேரத்துக்கு முன்னாடி வந்துடும்மா."

மறுநாள் விடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள். அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. கெஞ்சினாள், வைதாள், தலையில் அடித்துக்கொண்டாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற மனிதர்; பிடிக்காத பேச்சென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தீர்ந்தது வேலை. மதியம் போயிற்று. ஜன்னல் வெளிச்சம் பழுப்பேறியது. இவரை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, இவரோடு இங்கே இன்னொரு சாயங்காலம் இருக்கவும் முடியாது.

அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "எழுந்திருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இருட்டப் போகுது."

"ஏன் இப்படி மாத்தி மாத்திப் பேசுற?"

"நான் என்ன மாத்திப் பேசினேன்?"

"இந்த வீட்டை விட்டுப் போகவே கூடாதுன்னு தினமும் நீதானே சொல்ற?"

"நானா? எப்போ?"

"மகாராணி போறப்ப." வெட்கப்படுகிறவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். "மத்த நேரமெல்லாம் உன் உதட்டைப் பாத்து ஊகிக்கிறதுதான். அந்தச் சத்தத்துல மட்டும் உன் குரலே எனக்குக் கேக்கும். எவ்வளவு இதமா பேசுவ தெரியுமா? கல்யாணமான புதுசுலகூட நீ அப்படிப் பேசினதில்ல. அதுக்காகவே சாயங்காலம் வரட்டும்னு உக்காந்திருப்பேன்."

ஜன்னலோரம் நின்று அவர் சிரித்ததெல்லாம் விமானத்தைப் பார்த்துத்தான் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அந்த நேரத்தில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. தெருவில் யாருமே பேச முடியாதே.

"மகாராணி போயிட்டாலும் நீ நிறுத்தல பாரு," என்றார். "அது போதும் எனக்கு."

தெருவிளக்கு எரிந்தது.

முணுமுணுப்பு தொடங்கியது.

அவரைப் பார்த்தாள். அவர் உதடுகள் மூடியிருந்தன. திரும்பிப் பார்த்தாள். சுவர். கட்டி வைத்த பெட்டி. வேறு யாருமில்லை. மறுபடி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை.

அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையாட்டினார். "சரிம்மா," என்றார். "போகல."

கையைத் தூக்கினாள். விரல் உதட்டில் பட்டது.

உதடு அசைந்துகொண்டிருந்தது.

அழுத்திப் பிடித்தாள். விரலுக்கடியில் அசைந்தது. பல்லைக் கடிக்கப் பார்த்தாள். தாடை கேட்கவில்லை. கத்த நினைத்தாள். வாயில் இடமில்லை.

மேலே பார்த்தாள். ஒன்று கடந்து போனால் போதும். ஒரே ஒரு தடவை.

அலமாரியில் ஒரு டம்ளர்கூட சிணுங்கவில்லை.

மெக்கானிக் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல், கதை கேட்கிற பிள்ளைபோல் உட்கார்ந்தார்.