மூன்றாம் நாள் சலவை

"நாலு காலுல எது ஆடுது, ஓபா? ஒவ்வொரு மூலையா அமுக்கிப் பாருங்க."

"அமுக்கிட்டேன். எதுவும் ஆடல, உஸ்தா."

"ஆடலன்னா மிஷின் ஏன் நடக்குது? போன வாரம் ஒரு வீட்டுல சமையலறை வரைக்கும் போயிருச்சாம். தேநீர் கேக்கப் போயிருக்கும்னு சொன்னேன். அந்தம்மா சிரிக்கவே இல்ல."

அக்கா என்ற மரியாதையில் அவர் 'ஓபா' என்றழைத்த சலோமத்தும் சிரிக்கவில்லை. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, குளியலறையின் ஈரத்தரையில் மண்டியிட்டிருந்தாள். சலவை இயந்திரம் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்ந்து வந்திருந்தது. உஸ்தா என்று எல்லோரும் அழைக்கும் மெக்கானிக் கோகந்து நகரில் வேறொரு வேலையில் இருந்தார். சாயங்காலத்துக்கு முன்னால் அவள் ஊரான மார்கிலானுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். இப்போது மணி பத்தரை. ஆண்கள் கல்லறைக்குப் போயிருந்தார்கள். மருமகள் மோஹிராவைப் புதைத்து இன்று மூன்றாம் நாள்.

நண்பகலுக்கு மோஹிராவின் தாய் சுல்ஹுமோர் தன் பெண்களோடு துவைக்க வருவாள். முற்றத்தில் தொட்டிகளை வைத்து, இறந்தவளின் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, ஓடும் நீரில் கையால் துவைப்பார்கள். உயிர் போனபோது உடுத்தியிருந்ததுதான் முதலில். அவர்கள் கை படும்வரை அதை யாரும் நனைப்பதில்லை.

சலோமத் நனைத்துவிட்டாள். வேறு வழி தெரியவில்லை. அந்தக் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கியின் முதுகில் ஒரு கை இருந்தது. ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்த கை. ஐந்து விரல்களும் விரிந்து, வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. தூரிகையால் தேய்த்தாள், கத்தி முனையால் சுரண்டினாள். மாவு வெல்வெட்டின் இழைக்குள் இன்னும் ஆழமாக இறங்கியதுதான் மிச்சம்.

"பாஸ்போர்ட் வந்திருச்சு, அத்தை. நான் அவர்கிட்டயே போயிடறேன்." நிலவறையின் மேல்படியில் நின்றுகொண்டு மோஹிரா சொன்னது அவ்வளவுதான். மகன் ரஷ்யாவில் இருக்கிறான். இவளும் போய்விட்டால் இத்தனை அறைகளிலும் தான் ஒருத்தி மட்டும் என்று நினைத்து முடிப்பதற்குள் சலோமத்தின் கை நீண்டிருந்தது. ஏழு படிகள். கால் வழுக்கிவிட்டது என்றாள் எல்லோரிடமும். உடலைக் குளிப்பாட்டுகிறவர்கள் வருவதற்கு முன் அங்கியைக் கழற்றி ஒளித்தாள். அதைத் தைத்தவள் சுல்ஹுமோர். புதைத்த அன்றே கேட்டாள், வெல்வெட் எங்கே என்று.

"உள்ள என்ன போட்டிருக்கீங்க, ஓபா?"

"ஒரு அங்கி. வெல்வெட்டு."

"ஒத்தைத் துணியா? அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தண்ணியக் குடிச்சு ஒரே பக்கமா சேந்துக்கும், சுத்தும்போது தூக்கித் தூக்கி அடிக்கும். கூட நாலு துணி போடுங்க. கனம் பரவட்டும்."

இயந்திரத்தை நிறுத்தி, கதவு விடுபடும்வரை காத்திருந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் உள்ளே திணித்தாள்: தன் சால்வை, இரண்டு துண்டுகள், தன் தலையணை உறை. மறுபடி ஓடவிட்டாள். நீர் இறங்கும் ஓசை, துணிகள் புரளும் ஓசை, முற்றத்து மல்பெரி மரத்தில் புறாக்கள், எங்கோ தெருவில் பால்காரியின் நீண்ட கூவல் என எல்லாமே ஒரு சாதாரணக் காலைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமைதியாயின. அவள் மூச்சும் சீராகியது. பிறகு உருளை வேகமெடுத்தது.

தொப்.

கனமான, மெத்தென்ற அடி. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி. தன்னை அறியாமல் எண்ணினாள். ஏழோடு நின்றது. கொஞ்ச நேரம் வெறும் சுழற்சி. மறுபடி ஒன்றிலிருந்து.

"ஃபோனை அதுகிட்ட வைங்க," என்றார் உஸ்தா. வைத்தாள். திரும்ப எடுத்தபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "எத்தனை துணி போட்டீங்க?"

"நாலு. அங்கியோட அஞ்சு."

"இது துணி விழற சத்தம் இல்ல. உள்ள அம்பது கிலோ கிடக்கு. வீட்டுல குழந்தைங்க யாரும் இல்லையே?"

"யாருமில்ல."

"முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினாள்.

"பிடுங்கிட்டீங்களா?"

"ம்."

"இன்னும் சுத்துதே, ஓபா."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பிடுங்கிய வயர் கையிலேயே இருந்தது. இயந்திரம் அவளை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. சோப்பு வாசனை எப்போது போனது என்று தெரியவில்லை. அறை முழுக்கப் புளித்த மாவின் வாசம், வெதுவெதுப்பாக. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அழுந்தியது. நுரை இல்லை. நுரை கலையும். இது உப்பியது.

ஐந்து. ஆறு.

ஏழு.

நின்றது.

வெளிக்கதவு திறக்கும் ஓசை. பெண்களின் காலடிகள். யாரும் அழவில்லை. இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

சுல்ஹுமோர் குளியலறை வாசலில் வந்து நின்றாள். சட்டையின் கைகளை ஏற்கெனவே முழங்கைவரை மடித்திருந்தாள். பிடுங்கிய வயரைப் பார்த்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு சிரமப்பட்டீங்க, சம்பந்தியம்மா? மகளோட துணியைக் கடைசியாத் துவைக்கறதாவது எங்களுக்கு மிச்சம் இருக்கும்னு நெனச்சோம்."

"அழுக்கா இருந்துச்சு," என்றாள் சலோமத். "பாவம், அழுக்கோட உங்ககிட்டக் கொடுக்கறதா..."

"என்ன அழுக்கு?"

 இயந்திரத்தின் கதவு க்ளிக்கென்று தானாக விடுபட்டது.

சுல்ஹுமோர் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முதல் துண்டு. அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கை. இரண்டாவது துண்டு. சால்வை. தலையணை உறை. எல்லாவற்றிலும் அதே கை, ஐந்து விரல்களும் விரிந்து. அவள் அவற்றை மடியில் அடுக்கினாள். பின்னால் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். வாசல் அடைபட்டது.

கடைசியாக வெல்வெட். இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருந்தது. தோள்கள் நிறைந்து, இடுப்பு நிறைந்து, ஆள் குப்புறப் படுத்ததுபோல அங்கி தரையில் கிடந்தது. முதுகில் மாவு பொங்கியிருந்தது. நிஜ விரல் கனத்துக்கு ஐந்து விரல்கள். மணிக்கட்டில் நரம்புகூட. அங்கி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. அதோடு அந்தக் கையும்.

சுல்ஹுமோர் நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மிக மென்மையாகக் கேட்டாள்.

"சம்பந்தியம்மா, உங்க வலது கையை ஒரு நிமிஷம் இதுமேல வைங்களேன்."