கரடி மணி கட்டிய கார்

மினோரிக்கு அன்று மாலை இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கு ஓடுவாள், தெருவை எட்டிப் பார்ப்பாள், உள்ளே வருவாள், மறுபடியும் ஓடுவாள்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியாடி? ஒரு இடத்துல உட்காரேன்!" என்றாள் அம்மா.

"அப்பா வர்றாரான்னு பார்க்கிறேம்மா."

"வந்தா வண்டிச் சத்தம் கேட்குமே."

"அதுதான் கேட்காதே!"

அங்கேதான் வந்தது வினை. மினோரியின் அப்பா ஷிகேருவுக்கு அந்த மலையூரின் ஊராட்சி அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தின் பழைய ஸ்டேஷன் வேகன் கார் மேட்டில் ஏறும்போது கர்ர்ரென்று ஊரையே கூட்டும். போன வாரம் அது போய், அச்சு அசல் அதே மாதிரி இன்னொரு வெள்ளை வேகன் வந்தது. ஆனால் இது மின்சாரத்தில் ஓடுவது. பெட்ரோல் வேண்டாம், புகையும் இல்லை. சத்தமோ மருந்துக்குக்கூடக் கிடையாது. ஓட்டிப் பார்க்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி வந்தவரே அப்பாதான்.

எதிர்வீட்டு நாய் கோண்டாவுக்கு இதெல்லாம் தெரியுமா? வெயிலில் சுட்ட தார்ச்சாலையின் நடுவில் படுத்துத் தூங்குவதுதான் அதன் வழக்கம். பழைய வண்டியின் சத்தம் கேட்டால் கொட்டாவி விட்டபடி ஓரமாகப் போகும். இன்று காலையில் அப்பா பிரேக் போட்டபோது, வண்டிக்கும் கோண்டாவின் வாலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அப்போதும் அது குறட்டைதான் விட்டுக்கொண்டிருந்தது.

முடிவெட்டும் கடை வைத்திருக்கும் குவபாரா அத்தை கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார். கோண்டா அவருடைய செல்லம்.

"ஷிகேரு தம்பி, இது வண்டியா பேயா? என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே!"

"மன்னிச்சிடுங்கக்கா. கொஞ்ச நாளைக்குக் கோண்டாவைக் கட்டிப்போட்டா..."

"கட்டிப்போடறதா? பிறந்ததுலேருந்து அது கயிறையே பார்த்ததில்லை. நாளைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்லிடறேன். ஒண்ணு இந்த வண்டி போகணும், இல்லே நானும் கோண்டாவும் போறோம்!"

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. ஹாரன் அடிக்கவும் வழியில்லை. போன மாதம் மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்ததில் அத்தையின் கை நழுவி, ஒரு வாடிக்கையாளரின் பாதி மீசை காணாமல் போயிருந்தது.

இப்போது கோண்டா மறுபடியும் நடுச்சாலையில். மினோரி ஓடிப்போய் இழுத்தாள். அரிசி மூட்டை போல அசையாமல் கிடந்தது.

"எழுந்திருடா தடியா! அப்பா வர்ற நேரம்டா!"

கோண்டா ஒரு கண்ணைத் திறந்தது, மூடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளியில் மிச்சம் வைத்த ரொட்டித்துண்டு பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடிப் பையைத் தூக்கினாள். கிணிங்! பையில் தொங்கிய கரடி மணி குலுங்கியது. பழம் தின்னக் கரடிகள் இறங்கி வரும் காலம் அது. ஆள் வருவது தெரிந்து அவை விலகிப் போகட்டும் என்று, பிள்ளைகள் எல்லாரும் பையில் மணி கட்டிக்கொள்வார்கள்.

அவள் வாசலை அடைவதற்குள் கோண்டா எழுந்துவிட்டது! தன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்து வாலை ஆட்டியது. தினமும் பள்ளி விட்டு மணி குலுங்க வரும் பிள்ளைகள், கோண்டா அங்கே போய் உட்கார்ந்தால்தான் ரொட்டி போடுவார்கள்.

மினோரி ரொட்டியை அதனிடம் வீசினாள். மணியைக் கழற்றிக்கொண்டு சரிவில் ஓட்டம் பிடித்தாள்.

திருப்பத்தில் வெள்ளை வேகன் சத்தமில்லாமல் வந்தது. "அப்பா, நிறுத்துங்க!"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அப்பா வண்டியின் முன்பக்கம் மணியைக் கட்டினார்.

"சரி, நாளைக்கு மணி இல்லாம எப்படிப் பள்ளிக்கூடம் போவே?"

"பாடிக்கிட்டே போறேன்."

"பாவம் கரடிங்க!" என்றார் அப்பா.

மினோரியையும் ஏற்றிக்கொண்டு வண்டி மெல்ல மேடேறியது. கோண்டா மறுபடியும் நடுச்சாலைக்கு வந்திருந்தது. அத்தை கடைவாசலில் கைகட்டி நின்றார். மினோரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

கிணிங், கிணிங்.

காது நிமிர்ந்தது. கோண்டா எழுந்தது, வாசலுக்கு நடந்தது, உட்கார்ந்தது. பிறகு ரொட்டிக்காக அப்பாவையே உற்றுப் பார்த்தது.

"ரொட்டி இல்லையேடா," என்று அப்பா அசடு வழிந்தார்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "மணியடிச்சுட்டு ஏமாத்தலாமா தம்பி? நாளையிலேருந்து ரொட்டியோட வா!"

"அப்போ கூட்டத்துல ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே அத்தை?" என்று கேட்டாள் மினோரி.

"ஏன் சொல்ல மாட்டேன்? இன்னும் பெரிய மணியா ஊர்ச் செலவுல வாங்கிக் கட்டச் சொல்வேன். இந்தப் பொண்ணோட மணியைத் திருப்பிக் கொடுக்கணுமில்ல?"

மறுநாள் மாலை மினோரி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட வாசலுக்கு ஓடவில்லை. திருப்பத்தில் கிணிங் கிணிங் என்று கேட்டது.

"அம்மா, அப்பா வந்தாச்சு," என்றாள், தலையை நிமிர்த்தாமலே.