ஆறாம் எண் யாருக்கு?

பேஸ்பால் பயிற்சியில் நவோகி எறிந்த பந்து முதல் தளத்தில் நின்றவன் கைக்குப் போகவில்லை. அவன் தலைக்கு மேலே பறந்து, அம்மாக்கள் கொண்டுவந்து வைத்திருந்த பார்லி டீ ஜாடியைக் கவிழ்த்தது.

“நல்ல குறிடா,” என்றான் கேட்ச்சர் தொமோயா. “நீ ஜாடியத்தான் பாத்து எறிஞ்சிருந்தா.”

நவோகி தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். அந்த வாரம் அவன் குனிந்த குனிவில் முதுகுக்கே அது பழகிவிட்டது.

ஜாடி போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முதுகு எண் கொடுக்கப் போகிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை கிடைத்தால் ஆட்டத்தில் முதலிலேயே இறங்கலாம். பதினொன்று, பன்னிரண்டு என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் வேலை. ஆறு என்பது ஷார்ட்ஸ்டாப். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவன். போன வருடம் முழுக்க அது நவோகியின் முதுகில்தான் இருந்தது.

இப்போது செண்டாய் நகரத்திலிருந்து இபுகி வந்திருக்கிறான். அவனும் ஷார்ட்ஸ்டாப்தான். அவன் எறிந்தால் பந்து ரயில் மாதிரி நேராக, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

“கோச், ஆறு எனக்குத்தானே?” என்று கேட்டான் நவோகி.

“ம்... பாக்கலாம்,” என்றார் குரோஸே கோச், வானத்தைப் பார்த்து.

“எனக்குக் கெடைக்குமாடா, தொமோயா?”

“பசிக்குது இல்ல?” என்றான் தொமோயா.

வீட்டில் அம்மாவைக் கேட்டான். தட்டில் இன்னொரு சோற்று உருண்டை விழுந்தது. அதுதான் பதில்.

ஞாயிறு காலை கோச் மட்டையோடு வந்தார். “ரெண்டு பேருக்கும் தரையோட அடிக்கிறேன். பாத்துட்டு முடிவு. இபுகி, நீ மொதல்ல.”

முதல் பந்து உருண்டு வந்தது. கடைசி நொடியில் துள்ளி இபுகியின் நெஞ்சில் மோதியது. இரண்டாவது தோளைத் தாண்டிப் போனது. மூன்றாவது மணிக்கட்டில் பட்டு ஓடியது.

நவோகிக்குள் ஒரு குட்டி நவோகி பல்டி அடித்தான்.

அப்போதுதான் அவன் மண்ணைக் கவனித்தான். பயிற்சி முடிந்ததும் மைதானத்தைப் பரம்புப் பலகையால் இழுத்துச் சமன் செய்வது அவர்கள் வழக்கம். நேற்று அந்த இடம் இபுகியின் முறை. அவனுடைய பழைய மைதானத்தில் செயற்கைப் புல். அங்கே பலகையைக் கையால் தொட்டதே இல்லை. மேலாக அழகாக இழுத்துவிட்டுப் போயிருந்தான். ஷூ ஆணிகள் தோண்டிய குழிகள் அடியில் அப்படியே இருந்தன. ஒரு வருடம் அங்கேயே நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

‘சும்மா இரு. யாருக்கும் தெரியாது,’ என்றான் குட்டி நவோகி.

நவோகி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். “கோச், ஒரு நிமிஷம். தரை சரியில்ல.”

“எதுக்குடா சொன்ன?” என்று கிசுகிசுத்தான் இபுகி.

“உன் மூக்கு உடைஞ்சா, உங்க அம்மாகிட்டயும் நான் போய்க் குனியணுமா?”

“மேல இழுத்தா போதும்னு நெனச்சேன்.”

“மொதல்ல குழிய நிரப்பு. அப்புறம் குதிகாலால மிதி. கடைசியிலதான் பலகை.”

இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இரண்டு பேர் நடனம் மறந்துபோய்த் தவிப்பது போல இருந்தது.

அதன்பின் இபுகி ஒரு பந்தையும் விடவில்லை. நவோகியும் எல்லாவற்றையும் பிடித்தான். ஆனால் அவன் எறிந்ததில் ஒன்றைப் பிடிக்க, முதல் தளக்காரன் தவளையாகத் தாவ வேண்டியிருந்தது.

மதியம் எண்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். நவோகி கண்ணை மூடிக்கொண்டு ஆறுக்காகக் காத்திருந்தான். தொமோயா விலாவில் இடித்தான்.

“போடா, உன்னத்தான் கூப்புடுறாங்க. நாலு.”

நாலு என்றால் இரண்டாம் தளம். அங்கே நின்றவன் ஊர் மாறிப் போனதிலிருந்து ஆள் நிலைக்காத இடம். நவோகி இரண்டு கையாலும் எண் போட்ட துணியை வாங்கிக்கொண்டான். ஐந்து போனதும், “ஆறு, இபுகி,” என்று கேட்டது. உள்ளங்கை சிவக்கக் கைதட்டினான்.

எல்லாம் முடிந்ததும் கோச்சிடம் போனான். “பாவம்னு குடுத்தீங்களா, கோச்?”

குரோஸே அவனை நேராகப் பார்த்தார்.

“இல்லடா. ஷார்ட்ஸ்டாப்லருந்து முதல் தளத்துக்கு எறிய உனக்குத் தூரம் ஜாஸ்தி. அங்க இபுகிதான் சரி. ரெண்டாவது தளத்துலருந்து பக்கம். பந்து எப்படி எழும்பும்னு மண்ணப் பாத்தே சொல்றவன் அங்க வேணும். நம்ம டீம்ல அப்படி இருக்கறது நீ ஒருத்தன்தான்.”