அர்ச்சுனன் கிராணியின் மங்கு

தோட்டத்து மக்களே, வேலை வாங்கும் மண்டோர்மாரே, லயத்து வரிசை வீட்டுக் கோழி முதல் பங்களா நாய் வரை காது படைத்த சகல உயிர்களே, கேளுங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கி, ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி திருவாளர் அர்ச்சுனன் அவர்களின் மேன்மை பொருந்திய இரத்தம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகாது. வேண்டுமானால் ஆஸ்பத்திரி இங்கே வரட்டும்.

இந்த வரலாற்று முடிவை அவர் எடுத்தது ஆஸ்பத்திரி பெஞ்சில். இரண்டு வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து ஒரு இரும்பு வால்வு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். வால்வில் இரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று ஆயுசுக்கும் மாத்திரை. மாத்திரை கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று பார்க்க மாதாமாதம் ஊசி. ஸ்டோரில் இவர் கனைத்தால் நாற்பது பேர் வாளியைக் கீழே வைப்பார்கள். ஆஸ்பத்திரியிலோ இவர் வெறும் நாற்பத்தொன்றாம் நம்பர். அன்றைக்கு நரம்பு அகப்படாமல் தாதிப்பெண் நாலு இடத்தில் குத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பால்வெட்டுக்காரி ராக்கம்மா. போன மாதம்தான், மரத்தைக் காயப்படுத்தினாள் என்று அவளுக்கு அரைப்பேர் போட்டுப் பாதி நாள் கூலியை வெட்டியிருந்தார்.

"என்னா கிராணியையா, பாலு எறங்கலியா? வெட்டத் தெரியாத கையில மரத்தக் குடுத்தா இப்படித்தான்லா."

பெஞ்சே சிரித்தது. நாற்பத்தொன்றாம் நம்பர் எழுந்து பஸ் ஏறிவிட்டது.

தோட்டத்து டிரசர் தங்கராஜு, கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து போடுகிற நல்ல மனுஷன், வீடு தேடி வந்து சொன்னார்.

"கிராணி, இது வெளையாட்டு இல்ல. மிசின்ல வச்சுப் பாக்கணும். மருந்து கூடிப் போச்சுன்னா உள்ளுக்குள்ளயே கசியும், வெளிய தெரியாது."

"தங்கராஜு, நீ புண்ணுக்குத் துணி சுத்துற ஆளு. நான் இருபத்தாறு வருஷமா பாலு உறையுறதப் பாக்குற ஆளு. உறையுறதப் பத்தி எனக்கே பாடமா?"

"பாலு வேற, இரத்தம் வேறங்க."

"ரெண்டும் வெட்டுனாத்தானே வருது?"

இவ்வளவு முழுமையான மடத்தனத்துக்கு டிரசருடைய புத்தகத்தில் மருந்து கிடையாது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிராணியின் பரிசோதனைச் சாலை அவர் வீட்டு அடுப்படி. ஆபீஸ் குண்டூசியால் விரலைக் குத்தி, மரத்தில் பால் பிடிக்கிற வெள்ளைப் பீங்கான் மங்கில் ஒரு சொட்டு விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் வாரம் எட்டு நிமிஷத்தில் உறைந்தது. முகம் சுளித்தார். ஸ்டோருக்கு வருமுன் உறைந்த பால் கட்டிப்பால், கழிவு, கடைசி விலை. அமோனியா ஊற்றி உறையாமல் வந்து சேர்கிற பால்தான் முதல் தரம். தன் இரத்தம் கட்டிப்பாலாவதா? ஒரு மாத்திரையை ஒன்றரையாக்கினார். பதினாறு நிமிஷம். இரண்டாக்கினார். நாற்பது நிமிஷம். நோட்டில் அழகான சாய்வெழுத்தில் எழுதினார்: முன்னேற்றம்.

ஈறு கசிந்தது; பிரஷ்ஷைக் குறை சொன்னார். தொடையில் நீலம் பூத்தது; மேசை முனையைக் குறை சொன்னார். வெளிக்குப் போனால் தார் மாதிரிப் போனது. செல்லம்மா கடைக் கருவாட்டைக் குறை சொன்னார். உலகத்தில் குற்றம் செய்யாதவர் ஒருவரே.

அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பால்வெட்டு இல்லை, ஸ்டோரும் இல்லை. மனைவி வள்ளிநாயகி அண்ணன் மகள் சடங்குக்குத் தம்பின் ஊருக்குப் போயிருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் இருட்டு இறங்கி, தகரக் கூரையின் இரைச்சலுக்கு அடியில் ஸ்டோரிலிருந்து மிதந்து வரும் புளித்த பால் வாடையும் நனைந்த சுவரின் வாடையும் ஒன்றாகக் கலந்து அடுப்படியில் தங்கியிருக்க, அர்ச்சுனன் காலையில் அலமாரியில் வைத்த மங்கை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

உறையவில்லை. ஏழு மணி நேரம் ஆகியும் உறையவில்லை. சாய்த்த பக்கமெல்லாம் பளபளவென்று ஓடியது.

"முதல் தரம்!" என்று வாய்விட்டே சொன்னார். நோட்டைத் தேடி எடுத்து எழுதவும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அது உறைத்தது. காலையில் அவர் விட்டது ஒரு சொட்டு. இப்போது மங்கின் அடி முழுக்க நிறைந்திருந்தது.

கூரை ஒழுக்கு, தண்ணீர் கலந்துவிட்டது என்று தீர்மானித்தார். இருபத்தாறு வருஷம் பாலில் தண்ணீர் கலந்தவர்களைப் பிடித்த மூக்கு. முகர்ந்தார். தண்ணீர் இல்லை. கலப்படமே இல்லாத, துருவேறிய ஆணியை நாக்கில் வைத்தது போன்ற வாடை.

விரலைப் பார்த்தார். குத்திய இடம் காய்ந்திருந்தது.

மங்கை அலமாரியில் வைத்துவிட்டு முன்கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மழை சற்றுத் தணிந்து வீடு அடங்கியதும் நெஞ்சுக்குள் வால்வு கேட்டது. மலிவான கடிகாரம் போல டிக், டிக் என்று, சட்டைக்கு வெளியேயும் கேட்கிற அந்தச் சத்தம் அவருக்குப் பழகியதுதான், விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காது வைத்துக் கேட்கச் சொல்லிப் பெருமைப்பட்டதுதான். இன்றைக்கு அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. டிக். அப்புறம், அடுப்படியில், சொட். டிக். சொட். அவர் மூச்சைப் பிடித்தார், வால்வு வேகமெடுத்தது. சொட்டும் வேகமெடுத்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். மங்கு பாதி.

கூரையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. அலமாரிக்கு மேலே ஒன்றுமில்லை.

டிரசரைக் கூப்பிடலாம். கிளினிக் கூப்பிடு தூரம்தான். கதவு வரைக்கும் போனார். போய், என்ன சொல்வது என்று யோசித்தார். "நீ சொன்னதுதான் சரி தங்கராஜு" என்பதா? நாளைக்குக் காலையில் லயம் முழுக்கச் சிரிக்கும். ராக்கம்மா சிரிப்பாள். தாழ்ப்பாளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். ஒரு கிராணிக்கு மானம் முக்கியம்.

தலை சுற்றியது. வேட்டி காலோடு ஒட்டியது. மழைச்சாரல் என்று நினைத்து விலக்கினார்.

இடது தொடையில் ஒரு கோடு. மேசை முனை போட்ட நீலம் இல்லை. இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, அரைச்சுற்று. அதற்கு ஒரு நூல் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. ஒரு நாளைக்கு ஒன்றாக, ஒரே சாய்வில். எண்ணினார். பதினொன்று. தோலுக்கு அடியில், கருநீலமாக.

எந்த மேசையும் இப்படிப் போடாது. மரப்பட்டையை இப்படிச் சாய்த்து வெட்டுகிற கருவி உலகத்தில் ஒன்றுதான். உளி.

அந்த நிலையிலும் கிராணி கிராணிதான்; சாய்வு சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. நல்ல கைதான்.

சொட். சொட். சொட்.

அடுப்படிக்குத் திரும்பினார். சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே நிரைநிரையாக மரங்கள், மழையில் கறுத்து. யாருமே வேலைக்கு இறங்காத நாள். ஆனால் யாரோ நடந்தார்கள். தலையில் கோணி. கையில் வாளி. ஒரு மரத்திடம் நின்று. அடுத்த மரத்திடம் நின்று. அவசரமே இல்லாமல். இந்த நிரையில். வீட்டைப் பார்த்து.

கூப்பிட வாயைத் திறந்தார். வாய் நிறைய வெதுவெதுப்பு. மோவாயில் வழிந்தது.

கடைசி மரம். அப்புறம் வாசற்படி. தாழ்ப்பாள் தானாக அசையவில்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை. வாளி வைக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

கோணிக்குள் முகம் தெரியவில்லை. அலமாரியிலிருந்து மங்கு இறங்கியது. வாளியில் கவிழ்ந்தது. ஈரமான ஒரு விரல் மங்கின் உள்ளே சுற்றி வந்து, ஒரு துளி வீணாகாமல், வழித்துப் போட்டது. பிறகு மங்கை அவர் முழங்காலுக்குக் கீழே, கோட்டின் தாழ்ந்த முனைக்கு நேராக வைத்துச் சரிபார்த்தது.

குளிர்ந்த கட்டைவிரல் ஒன்று, பன்னிரண்டாவது கோட்டுக்கு இடம் தடவியது.

டிக்.

டிக்.

மறுநாள் கிராணி இல்லாமலே ரப்பர் ஸ்டோர் வழக்கம்போல் ஏழு மணிக்குத் திறந்தது.