இரண்டு விரல் தாழ்வு

இன்றைக்கும் அதே இரண்டு விரல்தான்.

திலீப் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தான். மற்ற மூன்று சக்கரங்களிலும் நான்கு விரல் தாராளமாகப் போனது. இடது பின்சக்கரத்தில் மட்டும் இரண்டோடு நின்றது. யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல அந்த மூலை அமுங்கிக் கிடந்தது. எண்பத்தாறாம் வருஷத்துக் கார். மூன்று வருஷமாக அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் விழுங்கிய கார். நாளைக்குத் திருப்பதியில் பழைய கார்களின் அணிவகுப்பு.

"மூணு தபா ஸ்பிரிங் மாத்திட்டேண்ணா. புத்தூர் கட்டு போட்டாகூட நிமிராது போலக்குது," என்றான் மெக்கானிக் அண்ணாதுரை.

திலீப்புக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி முதன்முதலாக ரோடு ஏறுகிறதென்று மனைவி யாமினி நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெள்ளைப் பட்டை டயர். நேற்றுதான் தேய்த்துக் கழுவியது. சாறு பட்டால் கறை. நான்கையும் பொறுக்கி டாஷ்போர்டில் போட்டான்.

"நசுக்கினீங்களா?" உள்ளேயிருந்து குரல்.

"ஆச்சு, ஆச்சு."

ஒன்பது வயது மகள் ஸ்ரீஜா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சந்திரகிரி சாலையில் மூன்றாவது கியர் விழுந்ததும் இன்ஜின் அடித்தொண்டையில் உறும, பெட்ரோலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் சேர்ந்து மணக்க, கோட்டை மலையில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எண்பது கிலோ திலீப் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியும், பழங்கள் இடது மூலையிலேயே ஒதுங்கி டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தன.

பின்சீட்டு முனகியது.

"நைனா, பின்னால இன்னா சத்தம்?"

"பழைய சீட்டும்மா. அப்படித்தான் கத்தும்."

அப்போது வண்டி நிமிர்ந்தது. தானாக. பழங்கள் உருண்டு நடுவில் வந்து நின்றன. திலீப்புக்கு அழுகையே வந்துவிட்டது. ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அளந்து பார்க்க இறங்கி ஓடினான்.

இடது பின்சக்கரம். நான்கு விரல்.

வலது பின்சக்கரம். மூன்று.

மறுபடியும் நுழைத்தான். இரண்டு. விரல்களின்மேல் மட்கார்டு மெல்ல இறங்கியது. கையை உருவிக்கொண்டான்.

ரெக்ஸின் முனகியது. பின்மூலை எழும்பியது. முன்பக்கம் அமுங்கியது. டிரைவர் பக்கம்.

கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பழங்களும் வலப்பக்கம் உருண்டன.

"ஸ்ரீஜா! இறங்கு!"

கைப்பிடி அசையவில்லை. கண்ணாடியில் அடித்தான். அவள் திரும்பவில்லை. காலியான டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிக உயரமான ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல, அண்ணாந்து.

ஹேண்ட்பிரேக் இறங்கியது. கியர் விழுந்தது.

கார் வலப்பக்கம் சாய்ந்தபடி சாலையில் ஏறியது. திலீப் கத்திக்கொண்டே ஓடினான். பின்கண்ணாடியில் மகளின் தலை மட்டும் தெரிந்தது. அது இன்னும் அண்ணாந்தே இருந்தது.