ஆலங்கட்டித் தழும்பு

முந்தின இரவு வேர்த்த வியர்வை காலையில் காபியாகத் திரும்பி வருவது செவ்வாய்க்குடியில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. தெருவுக்கு ஒரு பொதுத் தொட்டி. ஒவ்வொரு வீட்டின் வியர்வையும் மூச்சு ஈரமும் அதில் சேர்ந்து, நீர்மீட்பு நிலையத்தில் சுத்தமாகி, விடியும்போது குழாயில் வந்துவிடும். அந்த நிலையத்தின் மேற்பார்வையாளரே இசக்கியப்பன்தான். அந்தத் தண்ணீரைக் குடித்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்று மட்டும் முதல் மடக்கிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பாக்கியநாதன் வேர்வையும் இதுலதான கலந்திருக்கு" என்றார்.

"இத்தன வருசமும் கலந்துதான் இருந்துச்சு" என்றாள் அவர் மனைவி ஆவுடை. "நேத்து அவரு வண்டிய எல்லாருக்கும் காட்டுன பொறவுதான் கசக்குதாக்கும்."

இசக்கியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே, ஊரை மூடிய கண்ணாடிக் கூரையின் கீழ், அடுத்த வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டாலும் அதுதான் தெரிந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து நாற்பது குடும்பங்கள் செவ்வாய்க்கு ஏறிவந்தபோது, விண்வெளியின் கதிர்வீச்சைத் தடுக்கக் கப்பலைச் சுற்றிக் கனத்த இரும்பு வேண்டியிருந்தது. பூமியில் கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்த பெரிய பெரிய வண்டிகளை அப்படியே கப்பலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சங்கிலிப் பட்டையில் உருள்பவை, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு போர்த்தவை, முன்னால் ஒரு நீண்ட குழாய் நீட்டிக்கொண்டிருப்பவை. வண்டியை ஏற்றியவர்கள் அதன் கதையை ஏற்றவில்லை. புதிய உலகத்தில் பிள்ளைகளுக்குச் சண்டையே தெரியக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், போர் என்ற சொல்லைப் பாடத்திலிருந்தும் அகராதியிலிருந்தும் எந்திரங்களின் நினைவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவசரத்தில் வைக்கோற்போரும் சேர்ந்து போய்விட்டது. பேச்சும் பொறாமையும் மட்டும் கலப்படமில்லாமல் வந்து சேர்ந்தன.

அடுத்தடுத்த தலைமுறைகள் அந்த வண்டிகளைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தன. செவ்வாயில் புழுதிப்புயலுக்குப் பயந்து எல்லா வண்டிக்கும் தகடு போர்த்துவார்கள். ஆகவே இதுவும் புயல்வண்டிதான். இவ்வளவு தடிமன் வேண்டியிருந்தது என்றால் பூமியில் வானிலை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும்! தகடுகளில் ஆழமாகப் பதிந்திருந்த குழிகளுக்கு நான்காம் வகுப்புப் பாடத்திலேயே விடை இருந்தது: பூமியில் ஆலங்கட்டி மழை பெய்யும். மழையையே கண்டிராதவர்கள் ஆலங்கட்டி இரும்பைக் குழிக்கும் என்று நம்பியதில் தப்பு ஒன்றும் இல்லை. நீண்ட குழாய் புகைபோக்கி. ஓட்டுகிறவர் மேல் புகை படக் கூடாது என்று அதை முன்பக்கமாக நீட்டி வைத்த பூமிக்காரர்களின் அக்கறையைப் பள்ளியில் பாராட்டிப் பேசுவார்கள்.

இந்தப் புயல்வண்டிகளைப் பழையபடி ஆக்குவதுதான் செவ்வாய்க்குடியின் பெரிய பொழுதுபோக்கு. அதற்கு ஒரு சங்கம் இருந்தது. இது அசல், இது போலி என்று உரசிச் சொல்ல 'உரைகல்' என்ற எந்திர நடுவர் இருந்தது. குடியேற்ற நாளன்று முதலிடம் பெற்ற வண்டி ஊர்வலத்துக்கு முன்னால் போகும். ஊரே அதன் பின்னால் நடக்கும்.

ஒன்பது வருஷமாக முன்னால் போனது இசக்கியப்பன் வண்டி. நீர்மீட்பு நிலையத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது; 'தொட்டிக்காரர்' என்பார்கள். அந்த ஒருநாள் மட்டும் அவர் இசக்கியப்பன் அண்ணாச்சி. அதற்காகவே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கழற்றித் துருவைச் சுரண்டி எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டியிருந்தார். குழாயில் முகம் பார்க்கலாம்.

பாக்கியநாதன் அப்படி எதுவும் செய்யவில்லை. காய்கறி வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கும் மனிதர். பழைய கப்பல் ஒன்றைப் பிரித்தபோது குலுக்கலில் அவருக்கு ஒரு வண்டி விழுந்தது. அதில் ஏழு ஆலங்கட்டித் தழும்புகள் இருந்தன. இசக்கியப்பன் வண்டியில் ஒன்றுகூட இல்லை. போதாதற்கு, உள்ளே இருக்கையில் ஒரு பெரிய பழுப்புக் கறை. பூமிக்காரர் யாரோ காபியைக் கொட்டியிருக்கிறார் என்று ஊர் முழுக்க வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாங்க" என்று பாக்கியநாதன் எல்லார் முன்னாலும் சொன்னார். "கல்லடி ஏழு பட்டாச்சு. இனிமே கண்ணடிக்குத்தான் பயம்." சொல்லும்போது யாரைப் பார்த்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

இசக்கியப்பனுக்கு வயிறு எரிந்தது. பாடுபட்டவனுக்கு ஒன்றுமில்லை, சும்மா இருந்தவனுக்கு ஏழு தழும்பு. ஊர்வலத்தில் அந்த மனிதருடைய புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முதலில் தன் வண்டித் தகட்டில் சுத்தியலால் ஒரு குழி அடித்துப் பார்த்தார். உரைகல் வந்து, தன் மெல்லிய விரலைக் குழிக்குள் விட்டுத் தடவியது.

"போலி" என்றது. "இது மெதுவாக விழுந்த அடி. அசல் தழும்பில் இரும்பு ஒரு கணம் கூழாகி ஓரத்தில் உதடு போலப் பிதுங்கியிருக்கும். ஒலியைவிட வேகமாக வந்த பொருள் மட்டுமே அப்படிச் செய்யும்."

"நானே அந்த வேகத்துல ஒன்னு விழ வச்சா? புதுசுன்னு தள்ளிருவியா?"

"சங்கத்தின் முதல் விதி உங்களுக்குத் தெரியும். மூல முறையில் செய்தது மூலமே."

அன்று முதல் இசக்கியப்பன் வேகத்தைத் தேடினார். தேடியது கிடைத்த இடம் அவருடைய சொந்த வண்டி. ஒன்பது வருஷமாக வெளியே துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய புகைபோக்கியின் உள்ளே ஒருநாள் விளக்கடித்துப் பார்த்தார். சுருள் சுருளாகக் கோடுகள் ஓடின. கொஞ்சமும் கரி இல்லை. பின்முனையில் திறந்து மூடும் கதவு ஒன்று இருந்தது. புகைபோக்கிக்குக் கதவு எதற்கு?

குழாய்க்குப் பொருந்துகிற மாதிரி ஓர் இரும்புக் கட்டியைக் கடைந்து அந்தக் கதவு வழியாக வைத்தார். தண்ணீரைப் பிரித்தால் வரும் இரண்டு வாயுக்களும் சேர்ந்தால் எப்படி வெடிக்கும் என்பது நீர்மீட்பு நிலையத்துக்காரருக்குத் தெரியாததா? வண்டியைக் கூரைக்கு வெளியே பழைய கல்குழிக்கு ஓட்டிப் போய், ஒரு பழைய தகட்டைப் பார்த்து வெடிக்கவிட்டார். வண்டி பின்னால் துள்ளியது. தகட்டில் உதடு பிதுங்கிய அழகான குழி. உரைகல் தடவிப் பார்த்து, "மூலமே" என்றது.

அன்று இரவு வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆவுடைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவள் கூரைப் பரிசோதகர். வானத்திலிருந்து விழும் பொடிக்கற்கள் கண்ணாடியில் எந்தச் சாய்வில் வந்து அடித்தன என்பதைத் தழும்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"நானும் பாக்கியநாதன் வண்டியப் பாத்தேன்" என்றாள். "மேல மூடியில ஒரு தழும்பு இல்ல. ஏழும் நிமுந்து நிக்கிற தகட்டுல. மழை மேலேருந்துதான பெய்யும்? இது நேரா, ஆள் மட்டத்துக்கு வந்து அடிச்சிருக்கு."

"பூமியில காத்து அப்படி. சாச்சு அடிச்சிருக்கும்."

"நாலா பக்கமும் தழும்பு இருந்தா காத்துன்னு சொல்லலாம். முன்பக்கம் மட்டுந்தான் இருக்கு. எதிர்ல என்னமோ நின்னுருக்குங்க."

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி" என்று இசக்கியப்பன் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரைத் தூங்கவிடாத கேள்வி வேறு. தன் வண்டியின் குழாய் தன் வண்டியை அடிக்காது. அடிக்க இன்னொரு வண்டி வேண்டும். குழாய் நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு வண்டி ஊரில் ஒன்றுதான் உண்டு. யாரைப் பார்த்து எரிகிறதோ அவர் வாசலிலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று.

"வாங்க அண்ணாச்சி" என்று பாக்கியநாதன் சிரித்தார். "கல்குழியில என்னமோ சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுதாங்க. உங்க புகைபோக்கி கல்ல எறியுதாமே."

அந்தச் சிரிப்புக்குள்ளும் ஒரு கசப்பு இருந்ததை இசக்கியப்பன் உடனே கண்டுகொண்டார். மனம் குளிர்ந்தது. கல் எறியும் குழாய் அவரிடம் மட்டும்தானே இருக்கிறது.

"உங்க குழாயும் எறியும். எப்படின்னு நான் சொல்லித் தாரேன். பதிலுக்கு என் வண்டியில ஏழு தழும்பு போட்டுக் குடுங்க."

"சரிக்குச் சரியா?"

"சரிக்குச் சரியா."

கல்குழியில் இரண்டு வண்டிகளும் எதிரும் புதிருமாக நின்றன. அடிபடுகிற வண்டியின் சொந்தக்காரர் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வது என்று பேச்சு. பாக்கியநாதன் ஏழு அடி அடித்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் சிறுபிள்ளைகளாகக் கைதட்டினார்கள். ஏழாவது தழும்பு விழுந்ததும் பாக்கியநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்களோடது பளிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி. என்னோடது பழசாத் தெரியுது. எனக்கு ஒன்னே ஒன்னு போடுங்க."

போட்டார். இப்போது அவருக்கு எட்டு. இசக்கியப்பன் சும்மா விடுவாரா? தனக்கும் ஒன்று கேட்டார். அது லேசாக விழுந்துவிட்டது, வேண்டுமென்றே வாயுவைக் குறைத்துவிட்டீர்கள் என்று இன்னொன்று கேட்டார். இப்படியே போய் வெளிச்சம் மங்கும்போது ஆளுக்குப் பதினைந்து ஆகியிருந்தது. கடைசி அடிகளில் யாரும் கைதட்டவில்லை. குறியும் முன்தகட்டிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, ஆள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆளுக்குப் பதினைந்து என்றால் மிச்சமிருந்தது இருக்கைக் கறைதான். குடியேற்ற நாளுக்கு முந்தின நாள் இசக்கியப்பன் ஒரு கூஜா கெட்டிக் காபியைத் தன் வண்டியின் இருக்கையில் ஊற்றி, விசிறிவைத்துக் காயவிட்டார். ஊரில் காபி அளந்துதான் கிடைக்கும். பத்து நாள் காபி போயிற்று. ஆவுடை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குடியேற்ற நாளன்று கூரைக்கு வெளியே மைதானத்தில் ஊரே காப்புடையும் தலைக்கூடும் மாட்டிக்கொண்டு கூடியிருந்தது. எல்லார் தலைக்கூட்டிலும் ஒரே வானொலி அலை. ஒருவர் தும்மினால் ஊருக்கே கேட்கும். இரண்டு வண்டிகளும் எதிரெதிராக நின்றன. குழாய்களில் கம்பிப்பூ மாலை தொங்கியது. முடிவு சொன்னதும் இரண்டும் மலையைப் பார்த்துத் திரும்பி ஆளுக்கொரு கல் எறிந்து வணக்கம் செலுத்துவதாக ஏற்பாடு. ஆகவே குழாய்கள் நிரப்பித் தயாராக இருந்தன. வணக்கம் பாக்கியநாதனின் யோசனை. இசக்கியப்பனுக்கு அது தோன்றாமல் போனதே என்று இரண்டு நாள் வருத்தம்.

உரைகல் முதலில் இசக்கியப்பன் வண்டிக்குள் இறங்கி ஏறியது. பிறகு பாக்கியநாதன் வண்டிக்குள்.

"தழும்புகள் இரண்டிலும் பதினைந்து. எல்லாம் மூலம். சமம்" என்றது. "இருக்கைக் கறை ஒன்றில் மூலம், ஒன்றில் போலி. முதலிடம் பாக்கியநாதன்."

இசக்கியப்பன் தெருக்காரர்கள் பாக்கியநாதனைத் தோளில் தட்டுவதைப் பார்த்தார். தொட்டிக்காரர், இனிமேல் எந்நாளும் தொட்டிக்காரர்.

"எங்கிட்டயும் கறை இருக்கு" என்றார். "நல்லாப் பாரு."

"பார்த்தேன். உங்களுடையது காபி."

"அவருதும் காபிதான!"

"அல்ல. அவருடையது மனித இரத்தம்" என்றது உரைகல். "ஒரே ஆளுடையது. ஒரே சமயத்தில், நிறைய. பழைய ஏழு தழும்புகளோடு எட்டாவதாக ஒரு துளையும் உண்டு. இருக்கைக்கு நேராக உள்ளே வந்திருக்கிறது. பிறகு யாரோ அதை ஒட்டுப்போட்டு அடைத்து, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள்."

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இரண்டு வண்டிகளையும் பார்த்தார்கள். எதிரெதிராக நின்ற விதத்தைப் பார்த்தார்கள்.

"அப்போ அது மழையே இல்ல" என்றாள் ஆவுடை. "எதிர் வண்டியிலயும் ஒரு ஆளு இருந்திருக்கான். வீட்டுக்கு வாங்க. இந்த இரும்ப இங்கேயே போட்டுட்டு வாங்க."

புத்தியுள்ள எவரும் செய்யக்கூடியது அதுதான். இசக்கியப்பனும் புத்தியில்லாதவர் அல்ல. மனைவி சொன்னது அவருக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு மனிதன் அந்த இருக்கையில் செத்திருக்கிறான், எதிரே இருந்த மனிதன் சாகடித்திருக்கிறான். புரிந்து, உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிலிர்ப்புக்கு அடியில் பழைய எரிச்சல் அணையாமல் அப்படியே இருந்தது. பாக்கியநாதனிடம் இருக்கிறது, தன்னிடம் இல்லை.

அவர் உரைகல்லின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டால் யாருக்கும் கேட்காது என்று அந்த நேரத்தில் நினைத்துவிட்டார்.

"அந்தக் கறை இனிமே வந்தா, மூலம்னு ஒத்துக்கிடுவியா?"

"மூல முறையில் வந்தால் மூலமே" என்றது உரைகல்.

ஊருக்கே கேட்டது. ஆவுடை கணவரின் கையைப் பிடித்தாள். அவர் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தார்.

பாக்கியநாதன் அங்கே இல்லை. அவர் வண்டியின் மேல்மூடி உள்ளேயிருந்து சாத்தியிருந்தது. குழாயில் கிடந்த மாலையை மட்டும் கழற்றி, கசங்காமல் ஓரமாக வைத்திருந்தார்.