ஆறு நாற்பதுக்கு வரும் படங்கள்

அன்றைக்கும் பெட்டிதான் முதலில் சொன்னது. தொலைக்காட்சிக்கு அடியில் நாள் முழுக்க உறங்கிக் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், யாரோ நகத்தால் தட்டுவதுபோல, தட்... தட்தட் என்று ஹார்ட் டிஸ்க் விழித்துக்கொண்டது. மணி ஆறு நாற்பது. புனிதா எழுந்து போய் தேநீருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். அது கொதிப்பதற்குள் அவள் கணவர் சிவநேசன் கதவைத் தட்டினார்.

அதில் மாயம் ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. படியேறி வரும்போதே அவருடைய ஃபோன் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு, பகலில் எடுத்த படங்களைத் தானாகவே பெட்டிக்குள் கொட்டிவிடும்.

"மனுஷன் மறந்தாலும் ஃபோன் வீட்ட மறக்காது லா," என்பார் காலணியைக் கழற்றிக்கொண்டே.

மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில், அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில், கார் கதவைத் திறந்த கையோடு சரிந்து விழுந்தார்.

கூடத்தில், கூரையில் சுழலும் காற்றாடிக்கு நேர் கீழே சவப்பெட்டியை வைத்தார்கள். உறவுக்காரர்கள் வேட்டி, சட்டை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக உள்ளே வைக்க, புனிதா அவருடைய ஃபோனைக் கோத்திருந்த கைகளுக்கு அடியில் செருகினாள். "அது இல்லாம ஒரு நிமிஷம் இருக்கமாட்டாரு." யாரும் மறுக்கவில்லை. அதோடுதான் எரித்தார்கள்.

பத்தாம் நாள் இடி இறங்கியதில் கறுப்புப் பெட்டியும் செத்தது. பதினாறாம் நாள் சடங்குக்குச் சட்டம் போட ஒரு படம் வேண்டும். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகம் அவளுக்கு வேண்டாம். கிள்ளானில் தங்கை வீட்டில், நண்டுக் காலைக் கடித்தபடி கண் மூடிச் சிரித்தாரே, அந்தப் படம் வேண்டும். அது பெட்டியில் மட்டும்தான் இருந்தது. இனி இருந்தால், அலமாரியில் அவர் துணிகளுக்கு அடியில் கிடந்த பேக்கப் டிஸ்க்கில் இருக்கவேண்டும்.

பதினான்காம் நாள் மதியம், அவரோடு வேலை செய்த குகன் வந்தான். பெட்டியைப் பழுதுபார்த்து, புது டிஸ்க்குகளைப் போட்டு, பேக்கப் டிஸ்க்கை அதில் செருகி, மடிக்கணினியில் பழைய படங்களை மீட்கும் ரீஸ்டோரைத் தொடக்கிவிட்டான்.

"ஏழு மணிக்குள்ள முடிஞ்சிரும்க்கா. இது டைனோசர் காலத்து டிஸ்க். அண்ணன் கஞ்சத்தனம் தெரியும்தானே? நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி எந்திரிக்காது. ஓஃப் மட்டும் பண்ணிடாதீங்க."

"தொடவே மாட்டேன்ப்பா."

அவன் போனதும் வீடு பழையபடி பெரிதாகிவிட்டது. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்குக் குளித்து, கூந்தலில் நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மேசைமேல் இருந்த மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அணையாமல் எரியும் விளக்கின் எண்ணெய் வாசனையும், வாடிய மல்லிகையின் புளித்த வாசனையும், சன்னல் வழியே வந்த ஈரத் தார்சாலையின் வாசனையும் ஒன்றாகக் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன. மோனோரயில் கடக்கும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்து, எதிர்ச்சுவரில் விளக்கின் நிழல் ஒருமுறை நீண்டு மறுபடி ஒடுங்கியது. பழைய டிஸ்க் கொசுவைப்போல் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. எண்பத்தைந்து சதவீதம். எண்பத்தாறு.

தட்... தட்தட்.

புனிதா எழுந்துபோய்த் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டினாள். தீ பற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

திரும்பி வந்தபோது திரையின் மூலையில் ஒரு செய்தி நின்றது. 'நேசன் ஃபோன்: ஒரு புதிய படம்.'

குகனை அழைத்தாள். அவன் பங்சார் நெரிசலில் மாட்டியிருந்தான்.

"புதுசாவா? ரீஸ்டோர் பண்ணா பழசுதான்க்கா வரும்."

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கு."

"அண்ணன் ஃபோன யாராச்சும் வச்சிருக்காங்களா?"

"அவரோடயே அனுப்பிட்டேன், குகன்."

பின்னால் ஹார்ன்கள் அலறின. அவற்றுக்கு நடுவே அவன் குரல் தணிந்து வந்தது. "வைஃபைய ஓஃப் பண்ணுங்கக்கா."

"வைஃபைக்கும் பெட்டிக்கும் ஒரே சுவிட்ச். எந்த வயரு எதோடதுன்னு அவருக்குத்தான் தெரியும். ஓஃப் பண்ணா படம் போயிடுமே?"

"போயிடும்..." அதோடு தொடர்பு அறுந்தது.

படத்தைத் திறந்தாள். மழை வானம். குறுக்கே மோனோரயில் பாலத்தின் அடிப்பக்கம். யாரோ மல்லாந்து படுத்தபடி எடுத்ததுபோல் இருந்தது.

தட்தட். இரண்டாவது படம். படிக்கட்டின் மேற்கூரை, ஒரு பக்கமாகச் சாய்ந்து. சவப்பெட்டியைக் கீழே இறக்கியபோது அந்த வளைவில்தான் அது சாய்ந்தது, அவள் அலறியிருந்தாள். அதே சாய்வு. ஆனால் இது ஏறிவருகிறது.

சுவிட்ச்மேல் விரலை வைத்தாள். தொண்ணூற்று மூன்று சதவீதம். அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நண்டுக் காலும், மூடிய கண்ணும், சிரிப்பும் போய்விடும். பிறகு அடையாள அட்டை முகம் மட்டும். காலத்துக்கும்.

விரலை எடுத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

மூன்றாவது படம். நடைவழி விளக்கு. அதன் கண்ணாடிக்குள் செத்துக் கிடக்கும் பூச்சி. அவள் வாசலுக்கு வெளியே உள்ள விளக்கு.

நான்காவது. நிலைப்படியின் மேல்கட்டை. மாவிலைத் தோரணத்தை அறுத்தெடுத்த வெறும் ஆணி.

கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

தட்தட்.

ஐந்தாவது. காற்றாடி. கூடத்துக் காற்றாடி. கீழிருந்து.

மல்லிகை வாசனை கூடியது. அதற்கடியில் வேறொன்று. கரிந்த பிளாஸ்டிக்.

தொண்ணூற்றெட்டு.

"ஏங்க," என்றாள்.

ஆறாவது படம் திறந்தது.

அவள் முகம். கீழிருந்து எடுத்தது. சவப்பெட்டிமேல் குனிந்தாளே, அப்படியே குனிந்து, வாய் திறந்து, கண்கள் பிதுங்கி. தலைக்கு மேலே காற்றாடி. ஆனால் அன்று அவள் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. படத்தில் தலையில் நீலத் துண்டு.

தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

அவள் இன்னும் குனியவில்லை.

நூறு. ரீஸ்டோர் முடிந்தது. பழைய டிஸ்க்கின் முனகல் நின்றது. பெட்டியின் பச்சை விளக்கும் மங்கி உறங்கியது. சிரித்த முகம் உள்ளே பத்திரமாக இருந்தது.

தட்... தட்தட்.

பெட்டியிலிருந்து இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம். காற்றாடிக்கு நேர் கீழே. தரையில்.

புனிதா எழுந்தாள். மெல்லக் குனிந்தாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளர்.